டி-யில் இல்லாதது

எங்கள் வீட்டுக் கணினிக்கு இரண்டு அறைகள் உண்டு என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். சி என்பது கணினியின் அறை, டி எங்களுடையது. கணினியை விற்ற கடைக்காரர் வன்தட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்து, "சி-யில எதுவும் வைக்காதீங்கம்மா. கெட்டுப்போனா சி-யைத்தான் அழிப்போம். டி-யில இருக்கிறது எங்கயும் போகாது," என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். எங்கள் ஊரான பெர்மாஸ் ஜெயாவிலும் சுற்றுவட்டாரத்திலும் அக்காலத்தில் எல்லாக் கடைகளும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தன என்று பின்னர் அறிந்தேன். அந்தக் கடை மூடப்பட்டு, அதே இடத்தில் கைப்பேசிக் கடை வந்து, பிறகு முடிதிருத்தகம் வந்துவிட்டது. கடைக்காரரின் வாக்கு மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்தது. ஞானஸ்நானச் சான்றிதழ்களின் நகல், அண்ணனின் பள்ளிப் படங்கள், யார் யாருடைய திருமண வீடியோக்களோ, எல்லாம் டி-யில் இருந்தன. கடை மூடப்படுமுன் கணினியை ஒருமுறை அங்கேயே மாற்றியபோதும் அம்மா இதே பிரிவினையைக் கேட்டு வாங்கினார்.

டி-யில் இருந்தவற்றுள் அம்மாவுக்கு முக்கியமானது சிலுவைப்பாதைப் புத்தகம். இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியைப் பதினான்கு நிலைகளாகப் பிரித்து, பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒவ்வொரு நிலையின் முன்னும் நின்று செபிப்பது வழக்கம். எங்கள் ஆலயப் பங்கின் தமிழ் மக்களுக்கான புத்தகத்தை ஆண்டுதோறும் அம்மா தயாரித்தார். நிலைகளின் வாசகம் மாறுவதில்லை. ஒவ்வொன்றின் இறுதியிலும் வரும் மன்றாட்டை மட்டும் அவரே புதிதாக எழுதுவார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தில் வரிசை நிற்பவர்களுக்காக ஒன்று இருக்கும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எண் அழைக்கப்படக் காத்திருப்பவர்களுக்காக ஒன்று. தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நேரடியாகத் தட்டச்சு செய்வார். ஆங்கில விசைப்பலகையின் எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து மறைந்திருக்கிறது என்பதை அவர் விரல்கள் அறிந்திருந்தன. அவரிடம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இவ்வாண்டு குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். வாரம் முழுவதும் அங்கே வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் வீடு திரும்புபவன் அவன். பழைய இயங்குதளத்துக்கான பாதுகாப்பு நிறுத்தப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு கணினியில் பல வாரங்களாக வந்துகொண்டிருந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அண்ணனால் அப்படி இருக்க முடியவில்லை.

"ஈஸ்டர் முடியட்டும்டா," என்றார் அம்மா.

"அரை மணி நேர வேலைம்மா. நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆயிரும்."

இந்தக் கணினி புதிய இயங்குதளத்துக்குத் தகுதி பெறவில்லை என்று திரை சொன்னது. அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்ல ஒரு குறுக்கு வழி இருப்பதாக அண்ணன் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான், தாண்டிச் சென்றது. பாதி வழியில் நின்றது. மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு வாசகம் தோன்றி, கணினி தானாக அணைந்து, எழுந்து, அதே வாசகத்தை மறுபடி காட்டியது. வெண்புள்ளிகள் வட்டமாகச் சுழன்றுகொண்டேயிருந்தன. அம்மா தேநீர்க் குவளையைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படியிலிருந்தே கேட்டார்:

"ஆச்சா?"

"கொஞ்சம் இருங்கம்மா."

அந்தக் கொஞ்சம் மறுநாளும் முடியவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், குருத்தோலையைக் கையில் சுற்றியபடி இளையோர் குழுவின் பொறுப்பாளர் அம்மாவிடம் வந்தார். பொறியியல் படித்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் சிலுவைப்பாதையை ஸ்க்ரீன்ல போட்டுடலாமே. நெட்டுலயே ரெடியா இருக்கு. உங்களுக்கும் வேலை மிச்சம்."

"நான் வேலை அதிகம்னு சொன்னேனா?"

"இல்ல ஆன்ட்டி, பேப்பர்..."

"புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள புத்தகம் வந்திரும். வரலன்னா நீ ஸ்க்ரீன்ல போடு."

வீட்டில் அச்சிட்டுக் கொண்டுபோகும் ஒரு படியிலிருந்து பங்கு அலுவலகத்தின் நகலெடுக்கும் எந்திரத்தில்தான் புத்தகம் அச்சாகும். புதன் நண்பகலுக்குப் பிறகு ஈஸ்டர் வரை அலுவலகம் திறக்காது. வீட்டில் கணினி சுழன்றுகொண்டிருப்பதை அம்மா அவரிடம் சொல்லவில்லை. கடைசி மூன்று நிலைகளுக்கான மன்றாட்டுகள் இன்னும் எழுதப்படவில்லை என்பதையும் சொல்லவில்லை. திரையில் வரும் புத்தகத்தில் வேறு யாரோ எழுதிய மன்றாட்டுகள் இருக்கும். ஒருமுறை திரைக்குப் போனால் மறுபடி தாளுக்குத் திரும்பப்போவதில்லை. காரில் ஏறி இருக்கை வாரை மாட்டிக்கொண்டபோது அம்மா இதைத் தமக்குள் சொல்வதுபோல் சொன்னார். அண்ணன் வண்டியை எடுப்பதில் கவனமாக இருந்தான்.

ஞாயிறு மாலை அவன் புறப்பட்டான். மறுநாள் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"சி-யை அழிச்சிட்டுப் புதுசா போட்டிரு பாப்பா. லிங்க் அனுப்புறேன். டி-யைத் தொட்டிராத."

பல்கலைக்கழகத்தில் பருவ விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். இலக்கியம் படிப்பவள் என்பது இவ்வேலைக்குத் தகுதியாகாது. பகலில் வீட்டில் இருப்பவள் என்பது போதுமானதாக இருந்தது. அப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு முறையில் வேலை செய்கிறார். பகலில் உறங்குவார். ஆகவே எங்கள் வீட்டில் பகற்பொழுதின் எல்லாச் சம்பவங்களும் தாழ்ந்த குரலிலேயே நடக்கும். இதுவும் அப்படியே நடந்தது.

திங்கட்கிழமை காலையில் என் மடிக்கணினியில் இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, வீட்டுக் கணினியை அதிலிருந்து எழுப்பினேன். மொழி, நேரம், விசைப்பலகை பற்றிய கேள்விகளுக்குப் பிறகு, எங்கே நிறுவ வேண்டும் என்ற பட்டியல் வந்தது. அதில் சி-யும் இல்லை, டி-யும் இல்லை. எண்களிட்ட பகுதிகள் மட்டும் இருந்தன. அவற்றில் இரண்டு ஒரே அளவுடையவை. சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த கடைக்காரரை அப்போது நினைத்தேன்.

அம்மா துவைத்த துணிகளை மடித்தபடி என் பின்னால் நின்றார்.

"எது டி?" என்றார் மெதுவாக.

"அதான் தெரியல. ரெண்டும் ஒரே சைஸ்."

"டி எப்பவும் சிவப்பா இருக்கும். கண்டவங்க கல்யாண வீடியோவெல்லாம் உங்கண்ணன் போட்டு நெறச்சு வச்சிருக்கான்."

நிரம்பிய இடத்தைக் கணினி சிவப்புக் கோட்டால் காட்டும். இந்தப் பட்டியலில் நிறங்கள் இல்லை. எஞ்சிய இடத்தின் அளவு இருந்தது. ஒன்றில் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. மற்றதில் தாராளமாக இருந்தது. தாராளமானதைத் தேர்ந்தேன். அழித்துவிடலாமா என்று கணினி கேட்டது.

"எல்லாம் டி-யிலதானம்மா இருக்கு?"

"எல்லாம் டி-யிலதான்."

அழித்தேன். அது எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்தது.

மதியத்துக்குள் புதிய திரை வந்துவிட்டது. ஒரு மலைப்படம், ஒழுங்கான சிறு குறிகள். டி இருந்தது. சிவப்பாக இருந்தது. அதனுள்ளே ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் இருந்தன. அம்மா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து, இவ்வாண்டுக் கோப்பைத் திறந்தார்.

பக்கங்கள் எல்லாம் இருந்தன. தலைப்பு நடுவில் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் இடையில் அம்மா விடும் வெற்றிடம் அப்படியே இருந்தது. ஆனால் வரிகளில் தமிழ் இல்லை. சிறிய ஆங்கில எழுத்துகளும் பெரிய ஆங்கில எழுத்துகளும் கலந்து, நடுநடுவே அரைப்புள்ளியும் சாய்கோடும் வந்து, வாய்விட்டுப் படிக்க முடியாத சொற்களாகப் பக்கம் பக்கமாக ஓடின. சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்தார். அதற்கு முந்தையதையும் திறந்தார். எல்லாம் அவ்வாறே.

அம்மா கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நடந்தது எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. அம்மா பயன்படுத்தியது பழைய எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அவர் இத்தனை ஆண்டுகளும் ஆங்கில எழுத்துகளைத்தான் அடித்திருக்கிறார். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தது அந்த எழுத்துரு. எழுத்துருக்கள் சி-யில் இருப்பவை. அதை ஒரு பொருளாக, எடுத்து வைக்க வேண்டிய ஒன்றாக யாரும் எண்ணியதில்லை. டி-யில் எழுதியவை அனைத்தும் இருந்தன. எழுத்து மட்டும் இல்லை.

அண்ணனை அழைத்தேன். உணவு இடைவேளையில் இருந்தான்.

"ஃபாண்டா? அது நெட்டுல இருக்கும்லா. பேர் என்ன?"

கோப்பு சொன்ன பெயரைச் சொன்னேன். அது கணினிக் கடையின் பெயர்.

"அலமாக்," என்று தலையிலடித்துக்கொள்ளும் குரலில் சொன்னான். பிறகு, "அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"திட்டச் சொல்லு. திட்டினா பரவாயில்ல."

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் இணையத்தில் தேடினேன். கடைக்காரர் வேறொரு பொது எழுத்துருவை எடுத்துத் தம் விருப்பப்படி சில விசைகளை மாற்றியிருக்க வேண்டும் என்று ஊகித்தேன். ஒத்த எழுத்துருக்கள் கிடைத்தன. பழைய எழுத்தை இக்கால எழுத்தாக மாற்றித் தரும் பக்கங்களும் இருந்தன. அவற்றில் கொடுத்தபோது வரிகளில் பெரும்பகுதி தமிழாகியது. எஞ்சிய இடங்களில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தோ வெற்றுக் கட்டமோ நின்றது. சுவடிகளைப் பற்றிய வகுப்பில், படியெடுப்பவர் செய்யும் பிழைகளை வகைப்படுத்தப் பயிற்சி தருவார்கள். இவை எந்த வகையிலும் அடங்கவில்லை. பிழை செய்தவர் யாரும் இல்லை.

முதல் நிலையைக் கையால் திருத்தி, அச்சிட்டு அம்மாவிடம் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீ எல்லாத்தையும் இப்படியே திருத்துறதுக்குள்ள ஈஸ்டர் வந்திரும்."

"நாளைக்குக் காலையில முடிச்சிடலாம்மா. மிச்ச மூணையும் நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"நான் சொல்லி நீ அடிச்சா அது ஜெபமா வராது. சர்க்குலர் மாதிரி வரும்."

இதில் என் தட்டச்சைப் பற்றிய குறை எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். அவர் அதற்கு முன் யாரிடமும் ஒரு மன்றாட்டை வாயால் சொன்னதில்லை.

பிற்பகலில் தேங்காய்ப்பால் வாங்க என்னை அனுப்பினார். மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில் முருகன் கோயிலின் பங்குனி உத்திர அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். பால்குடம், காவடி, அன்னதானம். இழுத்துத் திறக்கப் போனவள் நின்றேன். ஞானப்பழம் என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த ஞ-வின் அடிச்சுழி முழுதாக மூடாமல், முனை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிறுமியாக இருந்தபோது சிலுவைப்பாதை நீளும் வேளைகளில் நான் விரலால் வருடிக்கொண்டிருந்த ஞ அது. ஞானஸ்நானம், மெய்ஞ்ஞானம், எல்லாவற்றிலும் அதன் முனை வெளியே நீட்டியிருக்கும். கைப்பேசியில் அறிவிப்பைப் படம் எடுத்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலை மறந்துவிட்டேன்.

அம்மா படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம எழுத்துதான்," என்றார். சற்றுக் கழித்து, "அங்கயா போய்க் கேக்கணும்?"

அவர் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கோயில் எங்கள் தாமான் குடியிருப்பின் எல்லையில், வடிகாலுக்கு அப்பால் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், திருவிழா நாள்களில் பகல் முழுவதும் ஒலிக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி அம்மா கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தை அதே எழுத்துருவில் அச்சிட்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

அறிவிப்பில் இருந்த எண்ணை அழைத்தோம். யாரும் எடுக்கவில்லை. மாலையில் நான் காரை ஓட்டினேன். கோயில் வாசலில் வாழைமரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போய்க் கேளு. நான் காடியிலயே இருக்கேன்."

கோயில் செயலாளர் அலுவலக அறைமுன் நின்று ஒலிவாங்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். தோளில் துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து.

"அங்கிள், நோட்டீஸ் அடிக்கிற தமிழ் ஃபாண்ட் வேணும். எங்க கம்ப்யூட்டர்ல அழிஞ்சு போச்சு."

"எந்தக் கோயில்மா?"

"சர்ச்."

அவர் கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தினார். "சர்ச்சா? நீ யார் வீட்டுப் பொண்ணு?"

எங்கள் சாலையையும் வீட்டு எண்ணையும் சொன்னேன்.

"ஓ. ஸ்பீக்கர் வீடு." என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பிறகு நேராகக் காரை நோக்கி நடந்து, குனிந்து கண்ணாடியைத் தட்டினார். "தங்கச்சி, இறங்கி வாங்க. பயப்படாதீங்க, இன்னும் ஸ்பீக்கர் கட்டல."

அம்மா கண்ணாடியை இறக்கினார். "நான் சத்தத்தைக் குறைங்கன்னுதாண்ணே எழுதினேன். நிறுத்துங்கன்னு எழுதல."

"குறைச்சோமே."

"எப்ப?"

"இப்பல்லாம் திருவிழாவுல கேக்குறீங்களே, அதுதான் குறைச்சது."

அம்மா சிரிக்கவில்லை, ஆனால் இறங்கினார். அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே, அர்ச்சனைச் சீட்டுக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பழைய கணினி இருந்தது. திரையின் மேல்விளிம்பில் திருநீறும் சந்தனமும் காய்ந்திருந்தன. இணைய இணைப்பு இல்லாததால் எந்தப் புதுப்பிப்பும் அதை எட்டவில்லை. எழுத்துருக் கோப்புறையைத் திறந்து தேடினேன். கடையின் பெயர் இருந்தது.

"உங்க ஏசுவுக்கும் எங்க முருகனுக்கும் ஒரே எழுத்துதான் போல," என்றார் செயலாளர்.

"ரெண்டு பேருக்கும் கடைக்காரர் ஒரே ஆளுண்ணே."

பென்டிரைவில் அதை ஏற்றினேன். எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கலாம். ஆனால் அம்மாவுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து புதிய பக்கம் ஒன்றைத் திறந்தார். பின்னர் விரல்கள் நகர்ந்தன. ஒரு வரி வந்தது, இன்னொன்று வந்தது. அது இயேசுவைக் கல்லறையில் அடக்கம் செய்யும் பதினான்காம் நிலைக்கான மன்றாட்டு என்பதைப் பாதியில் உணர்ந்தேன். செயலாளர் அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்:

"'ஊர் விழித்திருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் இரவு வேலைக்காரர்களுக்காக...' யாருக்கு இது? வீட்டுக்காரருக்கா?"

"அவரும் நைட் ஷிஃப்ட்டுதான்."

"பகல்ல தூங்குவாரா?" அவர் கண்ணாடியை மறுபடி இறக்கினார். "அந்த லெட்டர்ல இதை எழுதியிருக்கலாமே தங்கச்சி."

"எழுதியிருந்தா குறைச்சிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல விரும்பவில்லை என்பது தெரிந்தது. "தெரியல," என்றார்.

வெளியே யாரோ அவரை அழைத்தார்கள். அம்மா எழுதியதையும் பென்டிரைவில் சேமித்துக்கொண்டேன். புறப்படும்போது அவர் இரண்டு பொட்டலம் சுண்டலை என் கையில் திணித்தார். அம்மா இது நோன்பிருக்கும் தவக்காலம் என்றார். சுண்டலில் கறி இல்லை என்று அவர் பதில் சொன்னார்.

வீட்டில் எழுத்துருவை நிறுவியதும் கோப்பு தமிழாயிற்று. அந்த மாற்றம் ஓசையின்றி, ஒரே கணத்தில் நடந்தது. அம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல அதை டி-யில போடு," என்றார். எழுத்து என்று பெயரிட்ட கோப்புறையில் போட்டேன். இரண்டாவது பிரதி என் மடிக்கணினியில், மூன்றாவது அண்ணனுக்கு. அவன் கட்டைவிரல் குறி ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினான்.

புதன் காலையில் எஞ்சியிருந்த இரண்டு மன்றாட்டுகளையும் அம்மா எழுதி முடித்தார். நண்பகலுக்கு முன் அலுவலகத்தில் புத்தகம் அச்சாக, நான் மடிக்க, அம்மா ஸ்டேப்ளர் முள் அடித்தார். இளையோர் பொறுப்பாளர் வந்து ஒன்றை எடுத்துப் புரட்டி, "சூடா இருக்கு ஆன்ட்டி," என்றார். எந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்தவை என்பதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று நாங்கள் ஆலயத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கோயிலில் ஒலிபெருக்கி தொடங்கியது. திருவிழா முடிந்தபின் செய்யும் இடும்பன் பூசை. அம்மா வழக்கம்போல் சன்னலைச் சாத்தப் போனார். கொக்கியில் கை வைத்தபடி நின்றார்.

"குறைஞ்சிருக்கா?"

நான் கேட்டுப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல இயலவில்லை. காற்றின் திசை காரணமாகவும் இருக்கலாம். அப்பா அறையில் புரண்டு படுக்கும் ஓசை வந்தது; எழுந்திருக்கவில்லை. அம்மா சன்னலைப் பாதி மட்டும் சாத்திவிட்டு வந்தார்.

பதினான்காம் நிலையின் மன்றாட்டை, புத்தகத்தைக் கையில் பிடித்த எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். அம்மா ஓசையின்றி உதடுகளை மட்டும் அசைத்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் இளையோர் பொறுப்பாளர் அம்மாவை அழைத்தார். புத்தகத்தின் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அடுத்த ஆண்டு, நிலைக்கு நிலை நடக்க முடியாமல் ஆலயத்துக்குள் அமர்ந்திருக்கும் முதியவர்களுக்காகத் திரையிலும் காட்டலாம் என்பது அவர் எண்ணம். அம்மா என்னைப் பார்த்தார். கோப்பை மட்டும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

சற்று நேரத்தில் மறுபடி அழைப்பு வந்தது. அம்மா கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆன்ட்டி, தொறந்துட்டேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா, என்னென்னமோ வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?"

"ஃபைல் நல்லாத்தான்பா இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி வருது?"

"அதுக்கு எழுத்து வேணும். அது எங்க வீட்டு டி-யில இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வா, போட்டுத் தரேன்," என்றார் அம்மா, அப்பா உறங்குகிறார் என்பதால் மெதுவாக.